பார்த்தா அப்படித் தெரியலையே!

என் தம்பிக்கு ஆட்டிசம் என்று சான்றிதழ் தருவதற்கு முன் அரசு மருத்துவமனையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐ.எஸ்.ஏ.ஏ. என்று அதற்குப் பெயர். இந்தியா முழுவதும் சான்றிதழுக்கு இதே படிவம்தான். 40 கேள்விகள். முகம் பார்க்கிறானா, பிறரோடு ஒட்டுகிறானா, சொன்னதையே சொல்கிறானா, கையை ஆட்டுகிறானா, வலி தெரிகிறதா, வழக்கம் மாறினால் தாங்குகிறானா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ‘அரிதாக’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ என்பதுவரை ஐந்து படி. அம்மாவைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள், அவனைத் தரையில் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. அதற்கு மேலே என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்களுக்கு இத்தனை கேள்வி தேவைப்பட்டது.

உங்களுக்கு எத்தனை தேவைப்படுகிறது? டவுன் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடம் தேடி ஒரு சுற்றுப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை போகிற போக்கில் அவன்மீது பட்டால் போதும். தீர்ப்பு எழுதி முடித்து அடுத்த சீட்டுக்குப் போய்விடுவீர்கள். மேல்முறையீடு கிடையாது.

எனக்கு இருபத்தாறு வயது, அவனுக்குப் பதினான்கு. அம்மாவுக்கு இடுப்பு வலி வந்த காலத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அவனைப் பற்றி நீங்கள் சொன்னதையெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவளும் நான்தான். பெரும்பாலும் வாயைத் திறந்ததில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்திருக்கிறார்கள். இன்றைக்குப் பேசுகிறேன்.

பார்க்க நல்லாத்தானே இருக்கான். பார்த்தா அப்படித் தெரியலையே. இந்த இரண்டையும் கேட்காமல் நாங்கள் எந்த ஊருக்கும் போய்வந்ததில்லை. ஆட்டிசத்துக்கு முகத்தில் அடையாளம் எதுவும் இருக்காது. மூக்கும் முழியுமாக, அப்பத்தா சாயலில், கன்னத்தில் குழி விழ இருப்பான் அவன். அதனால் முதலில் கொஞ்சத்தான் வருவீர்கள். “பேரு என்ன ராசா?” பதில் வராது. மறுபடி கேட்பீர்கள். அவன் உங்கள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பான், விரல்களைக் கண்ணோரமாகக் கொண்டுபோய் ஆட்டுவான், மூக்கால் ‘ம்ம்ம்’ என்று இழுப்பான். அப்போது உங்கள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும், கண் மட்டும் மாறிவிடும். பிறகு அவனை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்புவீர்கள். “காது கேக்காதா?” “ரொம்பச் செல்லம் குடுத்துட்டீகளோ?” “பெரியவுக கேட்டா பதில் சொல்லணும்னு சொல்லித் தரலையாத்தா?” கொஞ்ச வந்தவர்கள் விசாரணை நடத்த ஆரம்பித்துவிடுவீர்கள்.

மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டினால் கண்டக்டர் அட்டையைப் பார்ப்பார், அவனைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். “கை காலு நல்லாத்தானம்மா இருக்கு?” பின் சீட்டுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். ஓசியில் போவதற்குக் காசு கொடுத்து அட்டை வாங்கிய குடும்பம் என்று அந்த வண்டியில் பாதிப் பேர் முடிவுகட்டியிருப்பார்கள். இதே மதுரையில்தான், கண் தெரியாத ஒருவர் ஏறினால் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் விடுகிறார்கள். இந்த ஊருக்கு மனசு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணுக்குப் புலப்படுகிற குறைக்கு மட்டும் அது இளகுகிறது. புலப்படாததற்கு, பாவம், அம்மாதான் பொறுப்பு.

அவன் பேச மாட்டான் என்று நினைக்கிறீர்கள். பேசுவான். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ரயில் நிலையத்து அறிவிப்புக் குரலில், ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். “மிமிக்ரி பிரமாதமா பண்றானே, இன்னொரு தடவ சொல்லு தம்பி!” சின்ன வயதில் மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அவன் முதன்முதலாக இரைச்சலுக்குள் சிக்கித் துடித்துப்போனபோது தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது அந்த அறிவிப்பு. அன்றிலிருந்து எங்கே சத்தம் தாங்க முடியாமல் போகிறதோ அங்கே அதைச் சொல்வான். என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்பதற்கு அவனிடம் இருக்கிற வாக்கியம் அதுதான். கேட்டதைத் திருப்பிச் சொல்கிற இந்தப் பழக்கத்துக்கு எக்கோலேலியா என்று பெயர். ஒரு காலத்தில் இதை அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று ஒதுக்கினார்கள், நிறுத்தப் பார்த்தார்கள். பாரி பிரைஸான்ட் போன்ற பேச்சு ஆய்வாளர்கள் 1980களில் உட்கார்ந்து கவனித்து, அதற்குள் வேண்டுதலும் மறுப்பும் பதிலும் இருக்கின்றன என்று காட்டினார்கள். நீங்களோ, உதவி கேட்கிற பிள்ளையிடம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்கிறீர்கள்.

நம் சனங்கள்தான் இப்படி, வெளிநாட்டில் எல்லாம் நாகரிகமாக இருப்பார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதுவும் பொய். 2017இல் அமெரிக்காவில் டாலஸ் நகரின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவா சாசனும் மற்றவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரண்டு தரப்பையும் படம் பிடித்து, யார் யார் என்று சொல்லாமல் முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குப் படமும் குரலும், சிலருக்குக் குரல் மட்டும், சிலருக்கு அசையாத புகைப்படம், சிலருக்குப் பேசியதை எழுத்தாக்கிய தாள் மட்டும். இவரோடு பேச்சுக் கொடுப்பீர்களா, இவர் பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்டார்கள். டவுன் பஸ் கேள்விதான், பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள். பார்த்தவர்களும் குரல் கேட்டவர்களும் சில நொடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களை ஒதுக்கினார்கள். பெரியவர்களை ஒதுக்கியது போலவே பிள்ளைகளையும் ஒதுக்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டால் மனசு மாறுமோ என்றால் மாறவில்லை. தாளில் படித்தவர்களிடம் மட்டும் அந்த ஒதுக்கல் காணவில்லை.

எங்களுக்கு இது தெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. தம்பி வாட்ஸாப்பில் எழுதுவான். குட்டிக் குட்டி வாக்கியங்கள். “இன்னிக்கு வைகை 9 நிமிஷம் லேட்.” “மழை வாசனை வருது அங்க வருதா.” கோயம்புத்தூரில் இருக்கிற சித்தி மகன் ஒருவன் மாதக்கணக்கில் அவனோடு இப்படி எழுதிக்கொண்டிருந்தான். இவன் அனுப்புகிற ரயில் விவரங்களை அவன் தன் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டான் என்று சித்தியே சொன்னாள். பொங்கலுக்கு நேரில் வந்தான். தம்பி வாசலுக்கு ஓடினான், அவன் கையை மோந்து பார்த்தான், குதித்தான், ‘ம்ம்ம்’ என்று இழுத்தான். வந்த பையன் சுவரோரமாக நகர்ந்து போய் சித்திக்குப் பின்னால் நின்றான். அதற்குப் பிறகு செய்திகள் வரவில்லை. தம்பி இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறான், வைகை லேட்டா, பாண்டியன் லேட்டா என்று. எழுதியவனும் குதித்தவனும் ஒரே பிள்ளைதானே? பத்து வயதுப் பையனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. எனக்குக் கோபம், “அவனுக்குப் பயமா இருந்திருக்கும், விடு” என்று சொல்லி அத்தோடு முடித்துக்கொண்ட பெரியவர்கள்மீது.

பள்ளிக்கூட வாசலுக்கு வருவோம். சேர்க்கைக்கு முன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள். “என் கண்ணைப் பாத்துப் பேசு கண்ணா.” அவன் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்தான். “பாத்தீங்களா, அட்டென்ஷனே இல்ல.” கண்ணைப் பார்த்தால்தான் கவனம் என்று யார் சொன்னது? 2017இல் நுஷின் ஹஜிகானி குழுவினர் ஆட்டிசம் உள்ளவர்களை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, எதிரே தெரியும் முகத்தின் கண்களை மட்டும் பார்க்கும்படி செய்து பார்த்தார்கள். முகங்களைக் கண்டு விழிப்படைகிற மூளையின் ஆழ்பகுதிகள் அளவுக்கு மீறிக் கொந்தளித்தன. அக்கறை இல்லாததால் அவன் பார்வையைத் திருப்பவில்லை. பார்த்தால் தாங்க முடியவில்லை. அந்த அறையில் அன்றைக்கு ஒரு கதை சொல்லியிருந்தால் மேசை உருண்டையைப் பார்த்தபடியே முழுக்கக் கேட்டிருப்பான், இரவில் எனக்கு வரி பிசகாமல் சொல்லியும் காட்டியிருப்பான். கதை சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

“எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க.” இந்தப் பதிலை அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறார்களோ என்னவோ, போன இடமெல்லாம் இதே சொற்கள்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசமும் இருக்கிறது. அரசு நிதி பெறுகிற, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிலையமும் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. குறைபாடு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு, பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளலாம் என்கிறது 31. அப்பா அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். “சட்டம் பேசுற பேரண்ட் வேணாம்” என்று வெளியே யாரோ சொன்னது கதவு வழியாகக் கேட்டது. ஆக, பிள்ளையைப் பற்றி ஒரு முதல் அபிப்பிராயம், அப்பாவைப் பற்றி இன்னொன்று.

அவனைத் திருத்தி உங்களுக்கு ஏற்றவனாக ஆக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் தெரியுமா? தெரபிஸ்ட் தன் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்தால் ஒரு மிட்டாய் என்று பழக்கினார். கையை ஆட்டாதே, மடியில் வை. மோந்து பார்க்காதே. குதிக்காதே. ஒவ்வொன்றாக அவனிடமிருந்து பிடுங்கினோம். மனசு கொந்தளிக்கும்போது தன்னைத் தானே தணித்துக்கொள்ள அவனுக்கு இருந்த வழிகள் அவை. பிரிட்டனில் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கேள்வி கேட்டார். புரிந்துகொள்ள முடியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறைபாடு என்ற பட்டம் மட்டும் ஏன் ஒரு பக்கத்துக்கு? எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஒருவர் காதோடு ஒருவராகக் கதை கடத்துகிற விளையாட்டு மாதிரி ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் கதையை ஒரே அளவு நன்றாகக் கடத்தின. இரண்டையும் கலந்த வரிசையில்தான் கதை சிந்திச் சிதறியது. அவனுக்கு வாரம் மூன்று நாள் தெரபி இருக்கிறது. உங்களுக்கு எந்தக் கிழமை?

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவளைப் பார்த்த முதல் பார்வையிலும் ஒரு தீர்ப்பு எழுதினீர்கள். “மாசமா இருக்கும்போது என்னத்தச் சாப்பிட்ட?” “வேலைக்குப் போயிட்டு, போனைக் கையில குடுத்துட்டா இப்படித்தான்.” உங்களுக்கு முன்னாலேயே பெரிய படிப்புப் படித்தவர்கள் இந்தக் கொடுமையைச் செய்திருக்கிறார்கள். 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு மருத்துவ உலகில் இடம் வாங்கித் தந்தார். அந்தப் பெற்றோர்களிடம் பாசம் குறைவாகத் தெரிகிறது என்றும் குறித்துவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு, தாயின் குளிர்ந்த மனசுதான் பிள்ளையை இப்படி ஆக்கியது என்று ஒரு கோட்பாடே கட்டினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகம் போட்டு ஊர் ஊராகப் பரப்பினார். மகனுக்கு ஆட்டிசம் இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற தகப்பன், அது தாயின் குற்றமில்லை, உடலிலேயே வேர் உள்ளது என்று 1964லேயே எழுதிவிட்டார். இருந்தும் ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ கைவிட்ட அந்தக் குப்பையை எங்கள் தெருவில் குழாயடியில் இன்றைக்கும் அம்மாவின் தலையில்தான் கொட்டுகிறார்கள். அவள் வேலையை விட்டது அவன் இரண்டரை வயதில். அதையும் யாராவது கேட்டிருக்கலாம்.

பிறகு வருகிற யோசனைகள். கயிறு கட்டுங்கள், கண் பட்டிருக்கு, மிளகாய் சுற்றுங்கள். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குங்கள். ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கள். சாமியிடமோ தர்காவிடமோ எனக்குச் சண்டை இல்லை, அம்மாவே வாரம் தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போகிறவள். ஆனால் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் எரிந்தார்கள். செத்தவர்கள் 28 பேர். அதைப் பேப்பரில் படித்த தலைமுறைதான் நீங்கள். எங்கள் பிள்ளையைப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் அந்த ஊர்ப் பெயர் உங்கள் வாயில் எப்படி வருகிறது?

ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவு, போகாமல் இருக்க முடியாது. கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறோம்? தாலி ஏறுகிற நொடியில் ஒரு தும்மலோ, அழுகையோ, அமங்கலச் சொல்லோ யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று. தவில் உச்சத்துக்குப் போகும், நாகஸ்வரம் கூடவே ஏறும், மைக் வேறு. நமக்கு அது மங்கலம். சத்தங்களை வடிகட்டிப் பின்னுக்குத் தள்ளத் தெரியாத மூளைக்கு அது வலி. அலங்காரத்துக்காக அந்தச் சொல்லைப் போடவில்லை, வலியேதான். நாங்கள் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் எழுந்து அவனைக் கூட்டிக்கொண்டு கதவை அடைவதற்குள் மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. அவன் வீறிட்டான். மேடைப் பக்கமிருந்து பெரிய மாமா திரும்பினார். “தாலி கட்டுற நேரத்துல அபசகுனமா... வெளிய கூட்டிட்டுப் போங்கய்யா!” போய்க்கொண்டுதான் இருந்தோம் மாமா. உங்கள் கண்ணுக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தது தெரியவில்லை. அவன் கத்தியது மட்டும் தெரிந்தது.

ஊரையே அமுக்குகிற அந்தச் சத்தம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே இருந்தது. மணமக்கள் காதில் என் தம்பியின் குரல் விழவில்லை. கல்யாணப் பெண்ணே பிறகு சொன்னாள், எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா என்று. கேட்டது மாமாவுக்கு. அன்று மாலைக்குள் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. ஏழாவது மாதம் அந்தப் பெண்ணுக்குக் கரு கலைந்தபோது, யாருமே எங்கள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. வளைகாப்புக்கு வாங்கிவைத்த பட்டுப்பாவாடைத் துணியை அம்மா பீரோவிலிருந்து எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

அந்தக் கல்யாணம் முடிந்து வெகுநாள் கழித்து, அம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்று தம்பி சொன்னான்: “அபசகுனமா, வெளிய கூட்டிட்டுப் போங்கய்யா.” பெரிய மாமாவின் குரல். அந்தக் கரகரப்பு, அந்த ‘ய்யா’வின் இழுப்பு, எல்லாம். பொரிகிற சத்தம் தாங்கவில்லை, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். சத்தம் அதிகமாகிற இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுவும்தான் என்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சொன்னது எதுவும் தொலைந்து போகவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். பஸ்ஸில் சொன்னது, பள்ளியில் சொன்னது, சலூனில் “பைத்தியத்த ஏம்மா இங்க கூட்டியாற?” என்றது, அத்தனையும் உங்கள் உங்கள் குரலிலேயே எங்கள் வீட்டில் ஒலிக்கின்றன. அவனுக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்துத்தானே அவன் முன்னாலேயே பேசினீர்கள்?

சின்னப் பிள்ளையாக இருந்தவரை ‘பாவம்’ என்றாவது வந்துகொண்டிருந்தது. அரும்பு மீசை வந்ததும் அதுவும் நின்றது. அதே கையாட்டல், அதே ‘ம்ம்ம்’. உயரம்தான் கூடியிருக்கிறது. இப்போது முதல் பார்வையிலேயே உங்களுக்கு வருவது பயம்.

போன வருஷம் ஒரு பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் துப்பட்டாவில் ஜமிக்கி வேலை. ஜமிக்கி என்றால் அவனுக்கு உயிர், விரல் நுனியால் வருடினால் அடங்கிவிடுவான். அம்மாவின் பழைய சேலை முந்தானையை அதற்காகவே வெட்டிப் பையில் வைத்திருக்கிறோம். நான் சில்லறை தேடிய நேரத்தில் கையை நீட்டித் தொட்டுவிட்டான். அந்தப் பெண் அலறினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பின்னாலிருந்து வருகிற கை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் எங்கேயோ உட்கார்ந்திருந்து எழுந்து வந்தாரே ஓர் ஆள், அவர் என்ன, ஏது, யார் கூட வந்தவன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், அறைந்தார். பதற்றம் மிஞ்சினால் தம்பிக்குச் சிரிப்பு வரும். சிரித்தான். “தொட்டுட்டுச் சிரிக்கிறான் பாரு” என்று இரண்டாவது அடி விழுந்தது. நான் இடையில் விழுந்து, ஆட்டிசம் சார், ஆட்டிசம் சார் என்று கத்தினேன். முன் சீட்டுப் பெண்தான் முதலில் எழுந்து அந்தக் கையைப் பிடித்தாள். அவர் சொன்ன பதில் இது: “மொதல்லயே சொல்ல வேண்டியதுதானம்மா?”

மொதல்லயே என்றால் எப்போது? படியில் ஏறும்போதா? என் தம்பியின் மருத்துவ விவரத்தை ஐம்பது பேருக்கு அறிவித்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டுமா? சாசனும் கெர்ரியான் மாரிசனும் 2019இல் அதையும் ஆராய்ந்தார்கள். ஆட்டிசம் என்று முன்னாலேயே தெரிவித்தால் அபிப்பிராயம் கொஞ்சம் நல்லதாகிறது, ஆட்டிசத்தைப் பற்றி அறிந்தவர்களிடம் இன்னும் நல்லதாகிறது. லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூப்போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை கொண்டுவந்தார்கள், கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். வரிசையில் முன்னால் விடவும், பொறுமையாகப் பேசவும் ஓர் அடையாளம் உதவட்டும். பதினான்கு வயதுப் பிள்ளையை அடிக்காமல் இருப்பதற்கும் கழுத்தில் அட்டை வேண்டுமா?

2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றத்தில் இருந்த ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனைப் பார்த்துவிட்டு, மற்ற பயணிகளுக்கு ஆபத்து என்று விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். சக பயணிகள் அவனுக்காக வாதாடியும் நடக்கவில்லை. அது வெளியே வந்து, நாடே பேசி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. டவுன் பஸ்ஸுக்கு அப்படி ஓர் இயக்குநரகம் இல்லை. அடித்தவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் பார்த்தவுடன் முடிவுகட்டுகிறவர்கள்தான். ஆட்டிசம் என்றதும் முகம் மலரும். “அப்ப ஏதாவது ஸ்பெஷல் டேலண்ட் இருக்கணுமே? கணக்கா, கீபோர்டா?” ‘ரெயின் மேன்’ பார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் மாரத்தான் ஓடுகிற ‘ஹரிதாஸ்’. என் தம்பி எதிலும் ஓடி ஜெயிக்கவில்லை. தோசையைத் தானே பிய்த்துச் சாப்பிடப் பழகியிருக்கிறான், சட்டைப் பொத்தான் மேலே இரண்டு மட்டும் போடுவான். இதைச் சொன்னதும் மலர்ந்த முகம் வாடிவிடும். மேதையாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றால் உங்கள் வீட்டில் எத்தனை பேர் தேறுவார்கள்?

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாள் அத்தை வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “தம்பிய ரெண்டு மணி நேரம் எங்க வீட்டுல விட்டுரு. மொதல்ல பிடிச்சுப்போகட்டும், பெறகு பக்குவமாச் சொல்லிக்கலாம்.” அத்தைக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள், முதல் பார்வைதான் எல்லாம் என்று. நான் மாட்டேன் என்றேன். அவன் கூடத்தில் தன் ஊஞ்சலில்தான் இருந்தான். வந்தவர்களில் ஒரு பெரியம்மா அவனைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் வயிற்றைப் பார்த்தார். “இது பரம்பரையா வருமா?” மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் இருக்கின்றன, எந்தக் குடும்பத்திலும் வரலாம் என்று நானே பதில் சொன்னேன். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேரில் ஒருவருக்கு என்றும் சொன்னேன். பொண்ணு ரொம்பப் பேசுது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். நல்லதாயிற்று.

அந்த 2016 சட்டத்தில் 92 என்று ஒரு பிரிவு உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுவெளியில் சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுவரை சிறை, அபராதம் தனி. இதை வைத்துப் புகார் கொடுக்கக் கிளம்பினால் எங்கள் தெருவில் பால் ஊற்றக்கூட ஆள் மிஞ்சாது. ஆனால் எல்லோரும் தப்பித்துவிடுவீர்கள். நோக்கம் வேண்டுமே! உங்களில் யாருக்குமே கெட்ட நோக்கம் இல்லை. அக்கறையில் கேட்டீர்கள், நல்லதுக்குச் சொன்னீர்கள், பயத்தில் நகர்ந்தீர்கள், பெண் பிள்ளைக்காக அடித்தீர்கள். எங்கள்மீது விழுந்த எதற்கும் குற்றவாளி என்று ஒருவர்கூட இல்லை.

ஆவணியில் பெரிய மாமா மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்திருக்கிறது, ‘தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னாலேயே போனும் வந்தது, தம்பியை யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொல்லி. அப்பா ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். மாமா, நாங்கள் நாலு பேரும் வருவோம். கதவுக்குப் பக்கத்து வரிசையில் உட்காருவோம், அவன் காதில் பெரிய ஹெட்போன் இருக்கும், போட்டோவில் அப்படியே விழட்டும். அவன் கையை ஆட்டுவான், நான் பிடித்து அடக்க மாட்டேன். கெட்டிமேளத்துக்கு அரை நிமிஷம் முன்னால் எனக்கு ஒரு சைகை காட்டச் சொல்லுங்கள் தவில்காரரிடம், அவனைக் கூட்டிக்கொண்டு நானே வெளியே போகிறேன். அது அவன் காதுக்காக மாமா. உங்கள் சகுனத்துக்காக இல்லை. முடிந்ததும் உள்ளே வந்து அட்சதை போடுவோம், பந்தியில் முதல் ஆளாக உட்காருவோம். அவனுக்குப் பாயசம் வேண்டாம், அப்பளம் நாலு போடச் சொல்லுங்கள்.